மெராம்போங் கடற்புல்

ஜொகூர், கேலாங் பாத்தா அருகே தஞ்சோங் கூப்பாங் கடலில் நீர் வற்றும்போது மெராம்போங் திட்டு தலைகாட்டும். கண்ணுக்கெட்டிய தூரம் கடற்புல். குனிந்து பார்த்தால், புல்லை வாலால் சுற்றிப் பிடித்தபடி ஒரு கடற்குதிரை! கடற்பசுவுக்கும் இந்தப் புல்தான் உணவு.

2008இல் இங்கே உருவான கெலாப் அலாமி என்னும் அமைப்பு, மீனவர் பிள்ளைகளுக்குக் கடற்புல்லை இனம் பிரிக்கவும் பதிவு செய்யவும் கற்றுத்தந்தது. பெரியவர்களின் கடலறிவும் ஆய்வாளர்களின் முறையும் கைகோத்தது அருமையான காரியம். 2014இல் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகரத் திட்டத்துக்காகக் கடலில் கொட்டிய மணல் இந்தப் புல்வெளி மீதும் விழுந்தது. வேதனைதான். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுக்காகப் பணி இடையில் நிறுத்தப்பட்டது. 2015இல் திட்டத்தின் பரப்பளவைக் குறைத்தே அனுமதி கிடைத்தது. எஞ்சிய புல்லில் இன்றும் மீன்குஞ்சுகள் வளர்கின்றன.