முதலாளியின் கதிரையில் எங்கள் பிள்ளைகள்

கார் விளையாட்டு என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, கணினித் திரையிற் சீறிப் பாயும் வண்டிகளும் வளைவுகளில் அலறும் ரயர்களுமே. ஆனால், எவருமே கார் ஓட்டாத கார் விளையாட்டும் உண்டு. அங்கே திரையை நிறைத்திருப்பவை அட்டவணைகள், வரவு செலவுக் கணக்குகள், வட்டி வீதங்கள், தொழிற்சாலைகள் குறிக்கப்பட்ட உலகப் படம் ஆகியனவே. விளையாடுபவர் அமர்வது சாரதியின் ஆசனத்தில் அன்று. கார்க் கம்பனி முதலாளியின் கதிரையில்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளிற் சிலரும் இரவு நெடுநேரம் இவ்விளையாட்டுகளில் மூழ்கியிருக்கின்றனர். படிக்கும் நேரத்தில் விளையாட்டா எனப் பெற்றோர் சினப்பது இயல்பே. எனினும், இவை எதைக் கற்பிக்கின்றன, எதைக் கற்பியாது விடுகின்றன என்பதை அறிந்தபின் சினப்பது பொருத்தமாகும் என நாம் கருதுகின்றோம்.

வகுப்பறையிற் பிறந்த விளையாட்டு

வணிகத்தை விளையாட்டாக்கும் வழக்கம் பொழுதுபோக்கிற்காகத் தோன்றியதன்று. 1956இல் அமெரிக்க முகாமைத்துவச் சங்கம், நிறுவனத் தலைவர்களின் பயிற்சிக்கெனக் கணினி வழியிலான ஒரு விளையாட்டை உருவாக்கியது. 1960 அளவில், மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜே பொரெஸ்ரர் வழியில் 'பியர் விளையாட்டு' வகுப்பறைக்கு வந்தது. உற்பத்தியாளர் முதற் சில்லறைக் கடைக்காரர் வரை நான்கு படிகள்; ஒவ்வொரு படியிலும் கட்டளை அனுப்புவதற்கும் சரக்கு வந்து சேர்வதற்கும் இடையே சில வாரத் தாமதம். வாடிக்கையாளரின் தேவை ஒருமுறை சிறிது உயர்ந்தாற் போதும். எல்லோரும் பதறி மிகையாகக் கட்டளையிடுவர். பின்னர் களஞ்சியங்கள் நிரம்பி வழியும். குற்றவாளி என்று எவரும் இல்லை, தாமதமே குற்றவாளி.

இவ்விளையாட்டை ஈன்ற முகாமைத்துவக் கல்லூரி, ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியைப் பல்லாண்டு காலம் நடத்திய அல்பிரட் ஸ்லோனின் பெயரைத் தாங்கி நிற்பது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

1994இல் இக்கலை வீட்டுக் கணினிக்குள் கார்க் கம்பனி வடிவிலேயே புகுந்தது. இம்பிரெஷன்ஸ் நிறுவனத்தின் 'டெட்ரொயிட்', ஒஸ்திரியாவின் மக்ஸ் டிசைன் நிறுவனத்தின் 'ஓல்ட்ரைமர்' ஆகிய இரண்டும் அவ்வாண்டில் வெளிவந்தன. பின்வந்த 'கியர்சிட்டி', நியூசிலாந்தில் உருவான 'ஓட்டோமேஷன்' ஆகியவை அவற்றிலும் பன்மடங்கு நுட்பமானவை.

ஒரு மில்லிமீற்றரின் விலை

'ஓட்டோமேஷன்' விளையாட்டில் ஓர் எஞ்சினை வடிப்பதற்கே மணிக்கணக்கு ஆகும். எஞ்சினின் உடலை வார்ப்பிரும்பிலா அலுமினியத்திலா வார்ப்பது, சிலிண்டரின் விட்டம் எவ்வளவு, பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்கவேண்டும், அழுத்த விகிதம் என்ன என ஒவ்வொன்றையும் விளையாடுபவரே தீர்மானிக்கவேண்டும். அழுத்த விகிதத்தை உயர்த்தினால் வலு கூடும். ஆனால் தரம் குறைந்த பெற்றோலில் எஞ்சின் தட்டத் தொடங்கும். உயர்ந்த உலோகத்தைத் தெரிந்தால் எடை குறையும். ஆனால் செலவும், ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டிய உழைப்பு நேரமும் உயரும்.

'கியர்சிட்டி' இதே சிக்கலை உலகளாவிய வணிகமாக விரிக்கின்றது. மாதம் ஒரு சுற்றாகக் காலம் நகரும். எந்த நகரில் தொழிற்சாலை அமைப்பது, எங்கே விற்பனைக் கிளை திறப்பது, எவ்வளவு கடன் பெறுவது என்பன யாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. இன்று வரைபலகையில் வைக்கும் கார் சந்தைக்கு வருவதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும். அதற்குள் பொருளாதாரம் சரியலாம், போர் மூளலாம், எதிராளி மலிவான வண்டியோடு முந்தலாம். நேற்றைய தீர்மானத்தின் விளைவை நாளைய சந்தையில் அறுவடை செய்யவேண்டும் என்ற பாடத்தை, பாடநூலை விடத் தெளிவாக இவை உணர்த்துகின்றன.

வரலாறும் இப்பாடத்தையே சொல்கின்றது. 1908இல் ஹென்றி போர்ட் தமது 'மொடல் ரி' காரை 850 டொலருக்கு விற்கத் தொடங்கினார். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை அமைந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பொருத்த முன்னர் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. பின்னர் 93 நிமிடங்களே போதுமாயின. 1920களின் நடுவில் விலை 300 டொலருக்கும் கீழே இறங்கியது. ஆனால், ஒரே வடிவத்தைப் பற்றிக்கொண்டிருந்த போர்டை, பலதர வண்டிகளைப் பலதரப் பணப்பைகளுக்கென வகுத்த ஸ்லோன் முந்தினார். ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பின் 1927இல் 'மொடல் ரி' உற்பத்தி நின்றது. அடுத்த வடிவம் ஆயத்தமாகும்வரை போர்ட் தமது தொழிற்சாலைகளை மாதக்கணக்கில் மூடிவைக்க நேர்ந்தது. இவ்விளையாட்டுகளில் முதற் பத்தாண்டில் வென்று அடுத்த பத்தாண்டில் வீழும் சிறுவன், போர்ட் நடந்த வழியிலேயே நடந்திருக்கின்றான்.

கணக்கில் வராத மனிதர்

இவ்வளவும் பாராட்டுக்குரியன. ஆயினும் முதலாளியின் கதிரையிலிருந்து பார்க்கும்போது தொழிலாளி எவ்வாறு தெரிகின்றான்? பெரும்பாலும் செலவுப் பக்கத்தில் ஓர் எண்ணாக. தொழிற்சாலை ஒன்றை மூட ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். உலகப் படத்தில் ஒரு புள்ளி மறையும். மாத இறுதியில் இலாபம் சற்று உயரும்.

நகரும் பொருத்துவரிசை வந்த அதே 1913இல், ஹைலண்ட் பார்க்கில் ஆள் மாற்ற வீதம் 370 சதவீதத்தை எட்டியது. ஒரே அசைவை நாள் முழுதும் செய்யச் சகியாது மனிதர் விட்டு ஓடினர். 1914 ஜனவரியில் போர்ட் நாளொன்றுக்கு 5 டொலர், எட்டு மணி நேர வேலை என அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால், அதில் ஏறத்தாழப் பாதி சம்பளமன்று, இலாபப் பங்கு. அதைப் பெறத் தகுதி வேண்டும். கம்பனியின் 'சமூகவியற் பிரிவு' அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று, குடிப்பழக்கம் உண்டா, சேமிப்பு உண்டா, வீடு துப்புரவா, வாடகைக்கு அந்நியரைச் சேர்த்து வைத்திருக்கின்றனரா என ஆராய்ந்தனர்.

அந்தத் தொழிலாளரிற் பெரும்பாலோர் யாவர்? போலந்து, இத்தாலி, ருசியா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர். அவர்களுக்கெனக் கம்பனி ஓர் ஆங்கிலப் பள்ளியையும் நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவில், தாய்நாட்டு உடையணிந்த தொழிலாளர் மேடையிலிருந்த மாபெரும் கொப்பரைக்குள் இறங்கி, மறுபுறத்தில் அமெரிக்க உடையும் கையிற் கொடியுமாக வெளிவந்தனர். ஒரே வீட்டிற் பல குடும்பங்களாக ஒண்டி வாழ்ந்தவரும், இரவுப் பணி முடித்து மொழி வகுப்புக்கு ஓடியவருமான எமது வாசகர்களுக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

1936 டிசெம்பர் 30இல், பிளின்ற் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் இயந்திரங்களின் அருகிலேயே அமர்ந்து வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். 44 நாள்களின் பின் கம்பனி அவர்களது சங்கத்தை ஏற்றது. அந்த எண்கள் அன்று பேசத் தொடங்கின.

டெட்ரொயிட் நகரின் கதையோ எந்தத் திரையிலும் அடங்காதது. தொழிற்சாலைகள் புறநகர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் பெயர்ந்தன. இனப் பாகுபாடு நகரைப் பிளந்தது. வெளிநாட்டு வண்டிகளின் போட்டியும் சேர்ந்தது. 1950இல் 18 இலட்சத்து 49 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரில், 2020இல் எஞ்சியோர் 6 இலட்சத்து 39 ஆயிரம் பேர். 2013 யூலையில் நகராட்சி வங்குரோத்து நிலைக்கு விண்ணப்பித்தது. ஒவ்வொரு ஆலை மூடலும் ஏதோ ஒரு கம்பனியின் ஏட்டிற் சரியான கணக்காகவே இருந்திருக்கக்கூடும்.

ஆகவே இவ்விளையாட்டுகளைத் தடைசெய்யவேண்டும் என நாம் கூறவில்லை. பொருளியலை உணர்ந்து படிக்க இவற்றை விடச் சிறந்த வாயில்கள் சிலவே. ஆனால், எந்த விளையாட்டின் விதிகளும் வானிலிருந்து விழுந்தவையல்ல. எதைக் கணக்கிற் சேர்ப்பது, எதை விடுவது என ஒருவர் தீர்மானித்து எழுதியவை. முகாமைத்துவக் கல்லூரிகளின் கணக்குகளுக்கும் அது பொருந்தும்.

பிள்ளை அடுத்த முறை இலாபத்தைக் காட்டி மகிழும்போது, பெற்றோர் அருகில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமரலாம். அந்த எஞ்சினை எப்படி வடித்தாய் என முதலிற் கேட்கட்டும். பிள்ளை ஆர்வத்தோடு விளக்கும். பின்னர், நீ மூடிய தொழிற்சாலையில் எத்தனை பேர் வேலை செய்தனர், அவர்கள் இப்போது எங்கே எனக் கேட்கட்டும். திரையில் விடை இராது. தாமே ஒரு தொழிற்சாலையில் நின்று உழைத்த தந்தையோ தாயோ, அந்த விடையைத் தம் வாயாற் சொல்லலாம்.