மெத்தைக்கு மேலே ஒரு மெத்தை: வாங்க முந்தி இதைப் பாருங்கள்



பகல் முழுக்க கூடைக் கயித்தை தலையில மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியவர்களுக்கு ராத்திரி படுக்கை சரியில்லை என்றால், மறுநாள் பிரட்டுக்குப் போய் நிற்பதே பெரும் பாடு. அதனால்தான் சம்பள நாளையொட்டி லயத்துக்கு வரும் வியாபாரிகளிடம் "டொப்பர்" என்று சொல்லும் மேல்மெத்தையை பலர் தவணைக்கு எடுக்கிறார்கள். பழைய மெத்தைக்கு மேலே விரிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று அங்குல மெல்லிய மெத்தைதான் இது. நல்லதாக அமைந்தால் உடம்புக்கு சுகம்தான். பார்க்காமல் எடுத்தால் மாதக்கணக்கில் தவணைதான் மிஞ்சும்.

முதலில் கட்டிலைப் பாருங்கள். பலகை உடைந்திருந்தாலோ, பழைய மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தாலோ, மேலே எதைப் போட்டாலும் அதுவும் அந்தக் குழியிலேயே இறங்கும். முதுகுவலி அப்படியேதான் இருக்கும். இரண்டு பலகை வாங்கி அடித்து, மெத்தையை தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். அதிலேயே சுகம் கிடைத்தால் காசு மிச்சம்.

முதுகுவலிக்கு கல்லு மாதிரி படுக்கைதான் நல்லது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 2003ல் ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் செய்த ஆய்வில், மிகவும் கடினமான மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. அதற்காக ஆளை அப்படியே அமுக்குகிற மெதுமெத்தையும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்க வேண்டும், அடிப்பலகை குத்தக்கூடாது. இதற்கு இரண்டு அங்குலம் பெரும்பாலும் போதும்.

லயத்துக்கு அதிகம் வருவது ஸ்பொஞ். இதில்தான் ஏமாற்று கூட. கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் லேசானது சில மாதத்திலேயே அப்பளமாகிவிடும். ஆகவே தராசில் வைக்கச் சொல்லுங்கள். 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அங்குல கனமுள்ள ஸ்பொஞ் 2 கிலோவுக்கு மேலே இருந்தால் பரவாயில்லை. ஒன்றரை கிலோவுக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். கை முஷ்டியால் அமுக்கினால் உடனே மேலே எழும்ப வேண்டும். உறையைத் திறந்து காட்ட மறுக்கிற ஆளிடம் வாங்கவே வேண்டாம். உள்ளே துண்டு துண்டாக ஒட்டியிருக்கும்.

இறப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் மெத்தை நீண்ட காலம் உழைக்கும், ஆனால் விலையும் பாரமும் கூட. இலவம் பஞ்சு லேசானது, குளிருக்கு இதமானது. கட்டி கட்டியானால் பிரித்து, பஞ்சை உதறி, திரும்ப அடைக்கலாம். நம்ம மலைப் பக்கத்துக்கு இலவம் பஞ்சைத்தான் நான் சொல்லுவேன். காசு இல்லாதவர்கள் பழைய சேலை ஏழெட்டை அடுக்கித் தைத்து, கம்பளியை மடித்து அதற்கு அடியில் போட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

நமது காம்பராக்களில் ஈரம் அதிகம். மெத்தையை வெறும் சீமெந்துத் தரையில் போட்டால் அடிப்பக்கம் ஈரம் பிடித்து பூஞ்சணம் வரும். தூசிப்பூச்சியும் பெருகும், ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. இடைவெளி விட்டு அடித்த பலகைமேல் போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பஞ்சு மெத்தையை வெளியே காய வையுங்கள். ஸ்பொஞ்சையும் லேடெக்ஸையும் நேர் வெயிலில் போட்டால் பொடிந்து போகும், ஆகவே நிழலில் காற்றாட வைத்தால் போதும். கழற்றித் துவைக்கக்கூடிய உறை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பாவித்த மெத்தை மலிவாகக் கிடைக்குது என்று வாங்கினால் மூட்டைப்பூச்சியும் சேர்ந்து வரும்.

தாய்மார் கட்டாயம் கவனியுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை மேல்மெத்தையில் படுக்க வைக்க வேண்டாம். பிள்ளை குப்புறத் திரும்பி முகம் மெதுவில் அமுங்கினால் மூச்சு முட்டி உயிர் போகலாம். கைக்குழந்தைக்கு தட்டையான, கெட்டியான படுக்கை, மல்லாக்கப் படுக்க வைப்பது, முகத்துக்குக் கிட்ட தலையணையோ கம்பளியோ இல்லாமல் இருப்பது, இதுதான் பாதுகாப்பு.

ஸ்பொஞ் தீப்பிடித்தால் நிமிஷத்தில் பரவும், அந்தப் புகை விஷம். குப்பி லாம்பு, நுளம்புச் சுருள், அடுப்பு எதுவும் கட்டிலுக்குக் கிட்ட இருக்கக்கூடாது. படுத்துக்கொண்டு பீடி, சிகரட் குடிக்கிற ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது கட்டிலின் நீள அகலத்தை ஒரு கயித்தில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். தவணைக்கு எடுப்பதானால் மொத்த விலை எவ்வளவு, கைக்காசுக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தவணை கட்டும்போதும் துண்டு வாங்கி வையுங்கள்.