குருதியினமும் குருதியேற்றலும்

நோய் தீர்க்கும் மருந்துகள் பலவற்றை ஆலைகள் ஆக்கி வழங்குகின்றன. குருதியோ அவ்வாறு கிடைப்பதன்று. மனிதனுக்கு வேண்டிய குருதியை மனிதனே ஈதல் வேண்டும். எனினும், ஒருவர் ஈந்த குருதி மற்றொருவரை வாழ்விக்குமா, வீழ்த்துமா என்பது அவ்விருவரின் குருதியினங்களைப் பொறுத்ததாகும்.

19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பிளண்டல் மனிதக் குருதியை நோயாளர்க்கு ஏற்றினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிதற்கு வழிகாட்டியவர் வியன்னா நகரிலே ஆய்வு நடத்திய காள் லாண்ட்ஸ்ரைனர் ஆவர். ஒருவரின் செங்குழியங்கள் வேறொருவரின் குருதிநீரிற் சேரும்போது சில வேளைகளில் ஒட்டித் திரள்வதை 1901 இல் அவர் விளக்கினார்.

ஏ இனத்தாரின் செங்குழியங்களில் 'ஏ' என்னும் பொருள் உண்டு. அவர்தம் குருதியின் நீர்ப்பகுதியாகிய திரவவிழையத்திலே 'பீ'யைத் தாக்கும் பிறபொருளெதிரி உண்டு. பீ இனத்தாரிடம் இது மாறி அமையும். ஏபீ இனத்தாரிடம் இரு பொருள்களும் உள, எதிரிகள் இல. ஓ இனத்தாரிடம் இரு பொருள்களும் இல. எதிரிகள் இரண்டும் உள. ஆதலின், ஓ இனத்தாரின் செங்குழியங்கள் மற்றை இனத்தார்க்கும் பொருந்தும். அவர்தம் திரவவிழையமோ ஓ இனத்தார்க்கே பொருந்தும். திரவவிழையத்தைப் பொதுவாக எவர்க்கும் ஈயவல்லவர் ஏபீ இனத்தாரே. ஓ இனத்தாரை வரையறையின்றி 'யாவர்க்கும் ஈவோர்' எனக் கூறுவது அரையுண்மையே.

1940 இல் அறிவிக்கப்பட்ட றீசஸ் காரணியும் கருதற்பாலது. அஃதில்லாத பெண்ணுக்கு அஃதுள்ள குருதியை ஏற்றின், அவள் உடலிற் பிறபொருளெதிரி தோன்றி, பின்னர் அவள் கருவுறுங்கால் குழவியின் செங்குழியங்களை அழித்தல் கூடும்.

இனம் அறிந்த மாத்திரத்தே வைத்தியசாலை குருதியை ஏற்றுவதில்லை. நோயாளியின் செங்குழியங்களும் திரவவிழையமும் தனித்தனியே சோதிக்கப்படும். ஏனைப் பிறபொருளெதிரிகள் உளவோ எனவும் ஆராயப்படும். ஈந்த குருதி நோயாளியின் குருதியோடு பொருந்துமாறும் உறுதி செய்யப்படும். இக்கவனத்தின் தேவையை 1952 இல் பம்பாயில் வெளிப்பட்ட அரிய இனம் உணர்த்திற்று. அவ்வினத்தார் ஓ இனத்தார்போலத் தோன்றுவர். ஆயின் ஓ இனச் செங்குழியங்களையும் அவர்தம் குருதி தாக்கும்.

குருதி பெருகி உயிர் ஊசலாடும்போது சோதனைக்குக் காலம் இராது. அந்நிலையில் றீசஸ் காரணியற்ற ஓ இனச் செங்குழியங்கள் உதவுகின்றன. தென்னாசியாவில் அக்காரணியற்றோர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவினரே. ஆகையால், பல வைத்தியசாலைகள் அக்குருதியைச் சிறுமியர்க்கும் மகப்பேற்று வயதுடைய பெண்டிர்க்கும் பேணி வைத்து, ஆடவர்க்குக் காரணியுள்ள ஓ இனத்தை வழங்குகின்றன. நோயாளியின் இனம் தெரிந்ததும் அவ்வினக் குருதிக்கு மாறுவதே முறை. செங்குழியங்களை ஏறத்தாழ 35 முதல் 42 நாள் வரையே குளிரிற் சேமிக்கலாம் என்பதால், வீண்செலவுக்கு இடமில்லை.

இத்துணைச் சோதனைக்குப் பின்னும் கேடு நேர்வதுண்டு. அதற்குப் பெருங்காரணம் ஆய்வுகூடத்தின் அறியாமையன்று. ஒருவரின் குருதியை மற்றொருவரின் பெயரிட்ட குழாயில் எடுத்தலும், ஒருவர்க்குரிய பையை மற்றொருவர்க்கு ஏற்றலுமே. ஆகவேதான், குருதி ஏற்றுமுன் கட்டிலருகே நோயாளியின் பெயரும் இலக்கமும் பையிலுள்ள குறிப்போடு மீண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன. ஒரே கேள்வி பன்முறை வினவப்படுவதைக் கண்டு நோயாளியும் சுற்றத்தாரும் சலிப்படைதல் இயல்பே. அக்கேள்வியே அவர்தம் உயிர்க்காப்பு என உணரின், சலிப்புக்கு இடமிராது.