நாலாவது கையொப்பம் யாருக்காக?

ஒரு ஸ்தாபனத்தின் சுபாவத்தை அறிய விரும்புகிறவர் அதன் ஆண்டறிக்கையைப் புரட்டுவதைக் காட்டிலும், அங்கே ஒரு சாதாரண பில் பணமாக மாறுவதற்குள் எத்தனை பேருடைய ‘அப்ரூவல்’ வேண்டியிருக்கிறது என்று விசாரிப்பது மேல். சொற்பத் தொகைச் சாமானுக்கு ஐந்து பேர் சம்மதம் தெரிவிக்க வேண்டியிருக்கும் இடத்தில் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை என்பதும், அந்த அவநம்பிக்கைக்கே ஒழுங்கு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இந்தச் சம்மதப் படிகளை இன்று வகுத்து வைத்திருப்பது ஒர்க்ஃப்ளோ மென்பொருள். யாருடைய அநுமதி, எவ்வளவு தொகைக்கு மேல், ஒருவர் பின் ஒருவராகவா எல்லோருக்கும் ஒரே சமயத்திலா, அனைவரும் இசைய வேண்டுமா ஒருவர் இசைந்தால் போதுமா, மறுத்தால் பில் முந்தின படிக்குத் திரும்புமா முதற்படிக்கே போய்விடுமா, அநுமதிக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தால் யாரிடம் போகும் என்று இத்தனை கேள்விகளுக்கும் விடை சொன்ன பிறகே ஒரு படியை முறையாக அமைத்ததாகக் கொள்ள முடியும். ஆனால் நடைமுறையில் முதலிரண்டு கேள்விகளோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. மற்றவற்றுக்கு மென்பொருள் தானாக வைத்திருக்கும் விடையே சட்டமாக நிலைத்துவிடுகிறது.

காகிதக் காலத்தில் ஒரு கையொப்பத்தைக் கூட்டுவதென்றால் கோப்பைச் சுமந்து மாடியேறும் சிப்பந்தியின் முணுமுணுப்பையாவது கேட்க வேண்டியிருந்தது. இப்போதோ பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்து ‘சேவ்’ கொடுத்தால் காரியம் முடிந்தது. எப்போதோ ஒரு பில்லுக்கு இருமுறை பணம் போய்விட்டதென்றால் உடனே ஒரு படி கூடுகிறது. அந்தத் தவற்றை எல்லோரும் மறந்த பின்பும் படி மட்டும் நீங்குவதில்லை, ஏனெனில் அதை நீக்கச் சொல்கிறவர் அடுத்த தவறுக்குப் பொறுப்பாளியாக நிற்க நேரும்.

ஒருவர் பதிவு செய்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற வங்கி மரபு நல்ல மரபே என்பதையும், சோதனை தளர்ந்தால் மோசடி பெருகும் என்று தணிக்கையாளர்கள் எச்சரிப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது கண் தவற்றைப் பிடிக்கிறது. நாலாவது கண், மூன்று பேர் பார்த்துவிட்டார்கள் என்ற தைரியத்தில் மூடிக்கொள்கிறது. தேர்வடத்தை நூறு பேர் பிடித்திருக்கையில் இழுக்காதவர் யார் என்பது தெரியாதது போல, படிகள் பெருகப் பெருகப் பொறுப்பு கரைந்து, கைப்பேசியில் வரிசையாக வந்து நிற்கும் பில்களை விமான நிலையத்தில் காத்திருக்கும் இடைவேளையில் படிக்காமலே ‘அப்ரூவ்’ செய்துவிடும் வழக்கம் உயரதிகாரிகளிடம் படிந்துவிடுகிறது.

இப்படிப் படிகள் பெருகுவதால் நேரும் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூர்ப் பக்கம் வர வேண்டும். பம்புசெட்டுத் தொழிலுக்குப் பேர்போன அந்த வட்டாரத்தில், லேத்துகளை வைத்துக்கொண்டு பெரிய தொழிற்சாலைகளுக்கு ஜாப் ஆர்டரில் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அப்படிப்பட்ட பட்டறை ஒன்றின் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் பில்லை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சரக்கு இறங்குகிறது, ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டு (ஜி.ஆர்.என்.) போடுகிறார்கள், தர ஆய்வு முடிகிறது, பர்ச்சேஸ் ஆர்டரும் ஜி.ஆர்.என்.னும் பில்லும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. உண்மையான பரிசீலனை இங்கேயே பூர்த்தியாயிற்று. இதற்கு மேல் கொள்முதல் மேலாளர், ஆலை மேலாளர், கணக்கு மேலாளர், நிதித் தலைவர் என்று நால்வர். இவர்களுள் மூன்றாமவர் பத்து நாள் விடுப்பில் போயிருக்கிறார்; அந்தப் படியில் பதவிக்குப் பதிலாக அவருடைய பெயரையே எழுதிவைத்திருப்பதால், அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாலும் பில் அவரிடம் போவதில்லை. மேலாளர் விடுப்பு முடிந்து திரும்பி வந்து, ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறதென்று திருப்பி அனுப்புகிறார். திருத்தம் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பில் முதற்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கிறது.

பட்டறைக்காரர் போன் செய்கிறார். “நம்ம பில்லு என்னாச்சுங்க தம்பி? சனிக்கிழமை ஆளுங்களுக்குச் சம்பளம் போடோணும்.” கணக்குப் பிரிவு இளைஞர் பணிவாகவே பதில் சொல்கிறார்: “எங்ககிட்ட பெண்டிங் ஒண்ணும் இல்லீங்ணா. மேல அப்ரூவல்ல நிக்குதுங்க.” அவர் சொன்னது பொய்யல்ல. யாரிடம் கேட்டாலும் இதே பதில் கிடைக்கும்; ஒவ்வொருவரும் உண்மையே பேசுவார்கள், பணம் மட்டும் வராது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2006ஆம் வருஷத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி. அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட இயலாது. 2023ஆம் வருஷத்திய நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று விதித்தது. இவற்றுள் பலரும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு: சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், இறங்கிய தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்குகிறது. மென்பொருளோ, பல இடங்களில், பில்லைக் கணினியில் ஏற்றிய தேதியிலிருந்தோ கடைசி அநுமதி கிடைத்த தேதியிலிருந்தோ நாளை எண்ணுகிறது. சட்டத்தின் காலண்டரும் கணினியின் காலண்டரும் இப்படி வெவ்வேறாக இருப்பதை அமைப்பவர் அறிவதில்லை. அறிந்த பட்டறைக்காரரோ, வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சத்தால் வாய் திறப்பதில்லை. தாமதத்தைப் பற்றிப் புகார் செய்ய 2017இல் ‘சமாதான்’ என்ற இணையத்தளமும் வந்தது. தன்னிடம் வாங்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர்மீது புகார் எழுதக் கை எத்தனை பேருக்குத் துணியும்?

இதற்குப் பரிகாரம் அரிதானதன்று. புதிய மென்பொருளும் வேண்டியதில்லை. படிகளில் ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதலாம். விடுப்பில் போகிறவர் தமக்குப் பதிலாளை நியமிக்காமல் போக முடியாதபடி செய்யலாம். மூன்று ஆவணங்களும் பொருந்திய சிறு தொகை பில்லை ஒரே சம்மதத்தோடு பணம் பட்டுவாடாவுக்கு அனுப்பலாம். தவிர்க்க முடியாத இரு சம்மதங்களை ஒரே சமயத்தில் கேட்கலாம். திருத்திய பில் திருப்பியவரிடமே நேராகப் போகும்படி வழி வைக்கலாம். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் தானாகவே அநுமதித்ததாகக் கொள்வது ஆபத்து. பதில் தராதவருக்கு மேலிருப்பவரின் திரைக்குப் பில் ஏறிவிடுவதே சரி. யாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவர் திரையிலும் பில்லின் பக்கத்தில் சரக்கு இறங்கிய தேதியும் கெடுவில் மீதமுள்ள நாளும் தெரிய வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் புதிதாக ஒரு படி வேண்டுமென்று ஓர் அதிகாரி வற்புறுத்துவாரானால், அவரிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: முந்தினவர்கள் பார்க்காத எதைத் தாம் பார்க்கப் போகிறார் என்பது ஒன்று, பட்டறைக்காரருக்குச் சட்டம் வகுத்த 45 நாளில் எத்தனை நாளைத் தமக்கென எடுத்துக்கொள்கிறார் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடையில்லாதவருக்குப் படியும் இல்லை. இரண்டாவதற்குச் சொன்ன நாளைத் தாண்டுகிறவர், அதனால் வரும் தாமத வட்டியைத் தம் இலாகாவின் செலவுக் கணக்கில் ஏற்றுக்கொள்ளட்டும்.