ஐம்பது வருடம் வாசித்த மெட்டல் குழுவை நேரில் கேட்பது எப்படி?

ஒரு பழைய ஹெவி மெட்டல் குழுவின் கச்சேரிக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். எழுபது வயதையொட்டிய மனிதர்களால் இவ்வளவு வேகத்தை, இவ்வளவு சத்தத்தை இரண்டு மணிநேரம் தாங்க முடியுமா? முடிகிறது. எப்படி முடிகிறது என்று கவனிப்பதுதான் அந்தக் கச்சேரியின் பெரிய ருசி. அயர்ன் மெய்டனை வைத்துச் சொல்கிறேன். வானொலி தயவு அதிகம் இல்லாமல், ஊர் ஊராக மேடையேறியே வளர்ந்த குழு அது.

1975 கிறிஸ்துமஸ் நாளில் கிழக்கு லண்டனில் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கியது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1981இல் சேர்ந்து, 1993இல் விலகி, 1999இல் திரும்பி வந்தார். 2014இன் கடைசியில் அவருடைய நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 2016இல் மறுபடி உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். வயதான குழுக்கள் பலவும் பாடகரின் தொண்டைக்காகச் சுருதியைக் குறைத்துக்கொள்வது வழக்கம். மெட்டாலிகாகூட மேடையில் அரைச்சுரம் இறக்கித்தான் வாசிக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. கிடாரின் ஒலி இன்னும் கனமாகத்தான் ஆகிறது. மெய்டனோ பழைய பாடல்களைப் பழைய சுருதியிலேயே பாடுகிறார்கள். டிக்கின்சன் எந்த இடத்தில் மூச்சைச் சேமிக்கிறார், எந்த வரியைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு அடுத்த உச்ச ஸ்தாயிக்குத் தயாராகிறார் என்று பாருங்கள். இளமையில் தொண்டை செய்த வேலையை இப்போது அனுபவம் செய்கிறது.

டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. சில மாதங்களிலேயே மேடைக்குத் திரும்பினார். பழைய வேகத்தில் கை போகாத இடங்களைத் தன்னால் முடிந்தபடி மாற்றி வாசித்தார். 2024 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாலோவில் வாசித்ததோடு சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். 2025இல் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் அந்த இருக்கையில் சைமன் டாசன். இப்படிப்பட்ட மாற்றங்களைக் குறையாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த உடம்பை வைத்துக்கொண்டு பாட்டை விட்டுக்கொடுக்காமல் இருப்பது இருபது வயது வேகத்தைவிடப் பெரிய வித்தை.

இனி காது. இசைத்தட்டில் பேஸ் கிடார் உள்ளடங்கித்தான் கேட்கும். மேடையில் அது நெஞ்சுக்கூட்டில் வந்து அடிக்கும். ஹாரிஸ் பிக் இல்லாமல் விரல்களாலேயே வாசிப்பவர். ஒரு நெடில், இரண்டு குறில் என்று விடாமல் ஓடும் அந்தத் தாளத்தை ரசிகர்கள் கேலப் என்பார்கள். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிற கதி. ‘த ட்ரூப்பர்’ பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அப்போது ஹாரிஸைக் கவனியுங்கள். ஒரு காலைத் தூக்கி மானிட்டர் பெட்டிமேல் வைத்து, பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டி, பாட்டின் வரிகளுக்கெல்லாம் வாயசைத்துக்கொண்டிருப்பார். தானே எழுதிய வரிகளை முன்வரிசை ரசிகனைப் போலப் பாடிக்கொண்டு நிற்கிறார்!

கூட்டத்துக்கும் வேலை இருக்கிறது. 1992இல் வெளிவந்த ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ தொடங்கியதும் கிடாரின் மெட்டை, வார்த்தை ஏதுமில்லாமல், அரங்கம் முழுவதும் ஓ... ஓ... என்று சேர்ந்து பாடும். மொழி தெரியாத ஊரிலும் இது நடக்கிறது. மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு முதன்முறையாக வந்தார்கள். அடுத்த ஆண்டு உலகப் பயணத்தையே மும்பையில்தான் தொடங்கினார்கள். விமானி உரிமம் வைத்திருந்த டிக்கின்சனே குழுவின் போயிங் 757ஐ ஓட்டிவந்தார். ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ வரும்போது தயவுசெய்து செல்போனைப் பைக்குள் வையுங்கள். கையில் திரை இருந்தால் வாய் பாடாது. ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தையொட்டி குழுவின் மேலாளரே ரசிகர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டார்.

நிற்கும் இடம் முக்கியம். மேடைக்கு நேர் எதிரே, மைதானத்தின் நடுவில் ஒலிக்கலவை மேசை இருக்கும். அதன் பக்கத்தில் நின்றால் மூன்று கிடார்களையும் பிரித்துக் கேட்கலாம். முன்னால் போனால் முகங்கள் தெரியும், ஒலி கலங்கும், நெரிசலும் உண்டு. அங்கே யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்திவிடுவார்கள். மெட்டல் கூட்டத்தில் எழுதாத சட்டம் அது.

விளக்குகள் அணையும் முன் ஒலிபெருக்கியில் யூஎஃப்ஓ என்ற வேறொரு பிரிட்டிஷ் குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ ஒலித்தால், தண்ணீர் வாங்கப் போனவர்கள் ஓடிவந்துவிட வேண்டும். அடுத்து மேடையேறப் போவது மெய்டன்தான்.

காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணிநேரம்வரை கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷின் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் பதினைந்தே நிமிடம்தான். கச்சேரியோ இரண்டு மணிநேரம். இசைக்கென்றே செய்த காதடைப்பான்கள் சத்தத்தைக் குறைக்குமே தவிர மெட்டைக் கெடுக்காது. வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். மறுநாளும் காதில் இரைச்சல் நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.