பழைய மடிக்கணினியைப் புதுப்பிக்கும் முன்பு

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோதும், 2006 ஆகஸ்ட்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறியபோதும், திருகோணமலை மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இழந்தவற்றுள் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் அடங்கும். அவற்றின் பிரதிகளுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய நாட்களை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அத்தகைய ஆவணங்களின் பிரதிகள் பல வீடுகளில் ஒரு பழைய மடிக்கணினிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அதன் இயங்குதளத்தை மாற்றுவது கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய விடயமன்று.

எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை எனக் குறிப்பிடும் இயங்குதளமே கணினியின் வன்பொருளையும் ஏனைய மென்பொருள்களையும் இணைத்து இயக்குகின்றது. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதனால் கணினி நின்றுவிடவில்லை. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் அதற்கு வழமைபோல் வந்து சேர்வதில்லை. இதன் விளைவை உலகம் முன்னரே கண்டிருக்கின்றது. 2017 மே மாதத்தில் 'வனாக்கிரை' என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கிக் கப்பம் கோரியது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. இத்தனைக்கும் அக்குறைக்கான திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது.

அவ்வாறாயின் எல்லோரும் விண்டோஸ் 11 இற்கு மாறிவிடலாமே எனக் கேட்கலாம். அதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டும். இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் 2017 இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் சோதனைச் செயலி இவற்றை ஒரு நிமிடத்தில் கூறிவிடும். தகுதியிருப்பின் மாறுவதே சிறந்தது. அதற்குக் கட்டணமும் இல்லை. தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியில் அதனை நிறுவிக் கொடுப்போர் உண்டு. அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதை மறத்தலாகாது.

தகுதியற்ற கணினியை வைத்திருப்போர் புதியதொன்றை வாங்கலாம் என்பது சொல்வதற்கு எளிது. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தொட்ட பின்னர், கடற்றொழிலையும் கூலி வேலையையும் நம்பிய குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியாகிவிட்டது. அவர்களுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, விண்டோஸ் 10 இற்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீடிப்பதாக மைக்ரோசொப்ட் அறிவித்த திட்டம். அது குறுகிய கால அவகாசமேயன்றித் தீர்வன்று. மற்றையது, உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள். யூனிகோட் தமிழை வாசிக்கவும் எழுதவும் அவற்றில் வசதியுண்டு. இணையம், கடிதம், கணக்கு, பாடசாலை வேலைகளுக்கு அவை போதுமானவை. கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். எனினும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அவற்றில் இயங்கமாட்டா. அச்சுப்பொறியையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. எவ்வழியைத் தெரிந்தாலும், பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால் கணினியின் வேகம் வெகுவாகக் கூடும்.

எதைச் செய்வதாயினும் முதற்பணி பிரதி எடுத்தலே. விண்டோஸ் 10 இலிருந்து 11 இற்கு நேரடியாக உயர்த்தினால் கோப்புகள் பொதுவாக அப்படியே இருக்கும். வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் எதுவும் எஞ்சாது. சில ஆண்டுகளுக்கு முன் எமது மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்தபோது இவ்வேறுபாட்டைக் கேட்டறியாத குற்றத்திற்காகப் பத்தாண்டுக் கட்டுரைகளை இழந்தோம். ஆவணங்களை வெளி வன்தட்டிலும் வேறோரிடத்திலுமாக இரு பிரதிகள் வைத்திருத்தல் அவசியம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை வைத்திருப்போர் அவ்வெழுத்துருவையும் சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். அது இல்லாத கணினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகவே தோன்றும். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி.

ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், மீனவர் சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகளும் பதிவுகளும் இத்தகைய பழைய கணினிகளில் இருக்கக்கூடும். திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கணினி கற்ற இளைஞர்களுக்குக் குறைவில்லை. பாடசாலைகளும் நூலகங்களும் விடுமுறை நாளொன்றில் அவர்களை அழைத்து, பிரதி எடுக்கவும் இயங்குதளத்தை மாற்றவும் மக்களுக்கு உதவினால் பெருஞ்செலவு ஏற்படாது. கடலிலும் போரிலும் காகிதங்களை இழந்த மாவட்டம் இது. அவற்றின் பிரதிகளை வெறும் கவனயீனத்தால் மீண்டும் இழக்க நாம் இடமளிக்கலாகாது.