கமராவின் கண்ணில் தூசி

வீட்டில் இருந்தபடியே புகைப்படம் எடுத்துச் சம்பாதிக்கும் பெண்கள் இன்று நம் ஊர்களில் பலர் உள்ளனர். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, திருமணம் போன்ற வைபவங்களுக்குப் பெண் ஒருவரே படம் எடுக்க வருவதைப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. தையல் மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் கமரா என்றதும், அதன் உட்புறம் நமக்குரியதல்ல என்று ஒதுங்கிவிடுகிறோம். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் கமரா வைத்திருக்கும் சகோதரிகளுக்காக, அதன் உள்ளே சேரும் தூசியை வீட்டிலேயே பாதுகாப்பாக அகற்றும் முறையை இங்கே தருகிறேன்.

மட்டக்களப்பில் இத்தொழிலைச் செய்துவரும் எனக்கு இது வெறும் நுட்ப விடயமல்ல. ஒரு சடங்கு வீட்டில் முந்நூறு படங்கள் எடுத்தால், உள்ளே இருக்கும் ஒரே தூசி அவற்றில் பலவற்றில் கரும்புள்ளியாக விழும். மகளின் சடங்குக்கு வரமுடியாமல் வெளிநாட்டில் உழைக்கும் தந்தைக்கு அந்தப் படங்கள்தான் எல்லாமே. அவருடைய பிள்ளையின் கன்னத்தில் இல்லாத மறுவை நாம் வைத்து அனுப்பலாமா? கணினியில் ஒவ்வொன்றாக அழிக்கலாம்தான். ஆனால் அந்த வேலைக்கு நமக்குக் கிடைப்பது பிள்ளைகள் உறங்கிய பிறகு வரும் இரவு நேரமே.

தூசி எங்கே இருக்கிறது?

லென்ஸின் மேல் இருக்கும் சிறு தூசி படத்தில் புள்ளியாக விழுவதில்லை. புள்ளியைத் தருவது, லென்ஸைக் கழற்றும்போது உள்ளே போய், ‘சென்சர்’ எனப்படும் ஒளி உணரியின் முன்னால் படியும் தூசிதான். அதுவும் சென்சரின் மேல் நேரடியாகப் படிவதில்லை. சென்சருக்கு முன்னால் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று உண்டு. தூசி இருப்பது அதன் மேல். நாம் துடைக்கப்போவதும் அந்தக் கண்ணாடியைத்தான். இதை அறிந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஆனாலும் அதில் கீறல் விழுந்தால் செலவு பெரியது என்பதை மறக்கக்கூடாது.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

லென்ஸின் துவாரத்தை எப் 16 அல்லது எப் 22 என்று சிறிதாக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 100 இல் வையுங்கள். குவியத்தைக் கையால் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ முகிலற்ற வானத்தையோ படம் எடுங்கள். சூரியனை நோக்கிப் பிடிக்க வேண்டாம். எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவில் பெருப்பித்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வரும் மங்கலான கரும்புள்ளிகள்தான் தூசி.

எப் 2.8 போன்ற பெரிய துவாரத்தில் இவை ஏன் தெரிவதில்லை? நீண்ட டியூப் விளக்கின் கீழ் விரலின் நிழல் கலங்கித் தெரியும். சிறிய டோர்ச் வெளிச்சத்தில் கூர்மையாக விழும். அதே காரணம்தான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சென்சரில் உருவம் தலைகீழாக விழுகிறது. கமராவை நிமிர்த்தி முன்புறமாகப் பார்க்கும்போது, படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளிக்குரிய தூசி சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம் வலம் மாறாது.

முதற்படி: கமராவே உதறட்டும்

2003 இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கமராவில், கண்ணாடியை மிக வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இருந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் இவ்வசதியைச் சேர்த்தன. உங்கள் கமராவில் அது இருந்தால் மெனுவில் தேடி இரண்டு மூன்று முறை இயக்குங்கள். பல வேளை இதுவே போதும்.

இரண்டாம் படி: காற்று

இதற்குத் தேவை இறப்பர் பந்தாலான காற்றூதி, அதாவது ‘புளோவர்’. ஈரத்துணியால் தரை துடைத்த அறையைத் தெரிவுசெய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, அரை மணி நேரம் பொறுங்கள். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், முகப் பவுடர் வேண்டாம்.

பற்றரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். கண்ணாடி மேலெழும் வகைக் கமராவில், மெனுவில் உள்ள சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்தால்தான் சென்சர் வெளித்தெரியும். இடையில் பற்றரி இறங்கினால் ஷட்டர் மூடிக் கண்ணாடியும் கீழே விழும். விரலால் அழுத்திப்பிடிக்கும் ‘பல்ப்’ முறையை இதற்குப் பாவிக்க வேண்டாம். விரல் தவறினால் ஷட்டர் மூடிவிடும். கண்ணாடியில்லாத புதிய வகைகள் பலவற்றில் லென்ஸைக் கழற்றியதுமே சென்சர் தெரியும். 2018 இல் வந்த கெனன் இஓஎஸ் ஆர் போன்ற சிலவற்றில், கமராவை அணைத்தால் ஷட்டர் திரைபோல் மூடிக்கொள்ளும். அத்திரை மிக மெல்லியது. அதைத் தொடவோ அதன்மேல் ஊதவோ கூடாது.

காற்றூதியை முதலில் வெறுங்காற்றில் சில முறை அழுத்துங்கள். பின்னர் கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றூதியின் மூக்கு உள்ளே போகாதபடி வெளியிலிருந்து ஊதுங்கள். விழும் தூசி கீழே போய்விடும். லென்ஸைப் பூட்டி மீண்டும் சோதனைப் படம் எடுங்கள்.

மூன்றாம் படி: ஈரத் துடைப்பு

மகரந்தம், எண்ணெய் போன்ற ஒட்டும் அழுக்குக்கு மட்டுமே இது. சென்சருக்கென்றே செய்த துடைப்பான் குச்சிகளும் திரவமும் விற்பனைக்கு உண்டு. முழு அளவுச் சென்சருக்கு 24 மில்லிமீற்றர் அகலக் குச்சியும், ஏபிஎஸ்-சி அளவுக்கு 16 மில்லிமீற்றர் குச்சியும் வேண்டும். நுனியில் இரண்டு துளி மட்டும் விடுங்கள். ஓர் ஓரத்தில் வைத்து, பேனாவால் எழுதும் அழுத்தத்தில், எடுக்காமல் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. குச்சியின் மறுபக்கத்தால் திரும்ப ஓர் இழுப்பு. பிறகு குச்சியை எறிந்துவிடுங்கள். காசைப் பார்த்து மீண்டும் பாவித்தால், அதில் ஒட்டிய மணற்றுகளே கண்ணாடியைக் கீறும். காற்றால் ஊதாமல் நேரே துடைக்கவும் கூடாது. படம் ஆடாமலிருக்கச் சென்சரே அசையும் வகைக் கமராவானால், கைநூலைப் படித்த பின்னரே தொடுங்கள்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அமுக்கிய காற்று டின்களிலிருந்து திரவமும் சேர்ந்து வரலாம். காது துடைக்கும் பஞ்சு, சேலைத் தலைப்பு, யன்னல் துடைக்கும் திரவம், நகப்பூச்சு அகற்றும் திரவம் எதுவும் உள்ளே போகக்கூடாது.

எங்கே நிறுத்துவது?

சில ஆண்டுகளுக்கு முன், புள்ளிகளைக் காட்டி விசாரித்த கடையில் எனக்குக் கிடைத்த பதில்: “அக்கா, இது பொம்பிளையளுக்குச் சரிவராத வேலை. கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்.” அனுப்பினால் கமரா திரும்பிவரும்வரை உழைப்பில்லை. அன்றிரவு கமராவோடு வந்த கைநூலை எடுத்துப் படித்தேன். அடுத்த நாள் காற்றூதியால் ஆறு முறை ஊதியதில், இருந்த மூன்று புள்ளிகளும் போயின.

ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. கீறல், பூஞ்சணம், துடைத்தும் திரும்பத் திரும்ப வரும் எண்ணெய்ப் புள்ளி ஆகியவை திருத்துநருக்குரியவை. 2012 இல் வெளிவந்த நிக்கோன் டி600 கமராவில் புள்ளிகள் சேர்வதாகப் பலர் முறையிட்டனர். 2014 இல் அந்நிறுவனமே இலவசமாகச் சுத்தம் செய்து, ஷட்டர் பகுதியையும் மாற்றிக் கொடுத்தது. ஆகவே புள்ளி வந்தாலே நம் கவனக்குறைவு என்று நினைக்கவும் வேண்டியதில்லை.

வருமுன் காப்போம்

லென்ஸை மாற்றும்போது கமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். மாற்றும் லென்ஸை முன்கூட்டியே அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் ஓமப் புகை சூழ்ந்த இடத்திலும் மாற்ற வேண்டாம். பின்மூடிகளைக் கழுவி நன்கு உலர்த்துங்கள். கமராப் பையையும் மாதம் ஒருமுறை உதறுங்கள். ஒப்புக்கொண்ட வைபவத்துக்கு இரண்டு நாட்கள் முன்பே வெள்ளைச் சுவரில் ஒரு சோதனைப் படம் எடுத்துவிடுங்கள். புள்ளி இருந்தால் ஆறுதலாகச் சுத்தம் செய்ய நேரமிருக்கும்; அவசரத்தில் கை நடுங்கத் தேவையில்லை.